பிட்டி தியாகராயர்

சர் பிட்டி தியாகராயர் (1852–1925) சென்னையைச் சேர்ந்த தொழிலதிபரும் அரசியல் தலைவரும் ஆவார். நீதிக்கட்சி எனப் பெயர்பெற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்த மூவருள் இவரும் ஒருவர். எப்போதும் வெண்ணிற ஆடையே அணிந்ததால் வெள்ளுடை வேந்தர் என்று அழைக்கப்பட்டார்.

குடும்பமும் தொழிலும்

நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் சமூகத்தில், 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், அரசுப் பணியை நாடாமல் குடும்பத் தொழிலில் ஈடுபட்டார். நெசவு, தோல் பதனிடுதல், உப்பு வணிகம் முதலியவற்றை நடத்திய இவர், தம் நெசவுக்கூடத்தில் விசை நாடாவைப் பயன்படுத்தியோருள் முன்னோடி ஆவார். இந்திய வணிகர்களுக்கென 1909இல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதில் முக்கிய பங்காற்றி, அதன் தலைவராகவும் விளங்கினார்.

சென்னை மாநகராட்சியில்

இவரது பொதுவாழ்வு மாநகராட்சியில் தொடங்கியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்து, பின்னர் மாநகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர் தலைமையின் கீழ், 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என முடிவாகியது. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் விரிவான இத்திட்டம், தொடக்கக்கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அரசு இசையாததால் 1925இல் நின்று, சில ஆண்டுகளில் மீண்டும் தொடங்கியது.

நீதிக்கட்சி

தொடக்கத்தில் இவர் காங்கிரசு ஆதரவாளராக இருந்தார். பிராமணர்கள் சென்னை மாகாண மக்கள் தொகையில் சுமார் மூன்று விழுக்காட்டினரே. எனினும் அரசுப் பணிகளிலும் பட்டதாரிகளிடையேயும் பெரும்பான்மையினராக இருந்தனர். 1916ஆம் ஆண்டுத் தேர்தல்களில் தியாகராயர், மருத்துவர் டி. எம். நாயர் உள்ளிட்ட பிராமணரல்லாத தலைவர்கள் தோல்வியுற்றது இந்நிலையை வெளிப்படுத்தியது. மாநகராட்சியில் தியாகராயரும் நாயரும் எதிரெதிர் அணியினராக இருந்தவர்கள். மருத்துவர் சி. நடேச முதலியாரின் முயற்சியால் இருவரும் இணைந்தனர்.

1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் கூடிய தலைவர்கள், இதழ்கள் வெளியிடுவதற்காகத் தென்னிந்திய மக்கள் சங்கம் என்ற கூட்டுப்பங்கு நிறுவனத்தை அமைக்க முடிவு செய்தனர். ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன், தெலுங்கில் ஆந்திர பிரகாசிகா ஆகிய இதழ்கள் நடத்தப்பட்டன. ஆங்கில இதழின் பெயராலேயே கட்சி நீதிக்கட்சி எனப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தியாகராயர் பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். 1919இல் நாயர் மறைந்தபின் கட்சிப் பொறுப்பு பெரிதும் இவரைச் சார்ந்தது.

முதலமைச்சர் பதவி மறுப்பு

இரட்டையாட்சி முறையின் கீழ் 1920இல் நடைபெற்ற தேர்தலைக் காங்கிரசு புறக்கணித்தது. நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆளுநர் வெலிங்டன், அமைச்சரவை அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் பதவியை ஏற்காமல் கட்சித் தலைவராகவே இருக்க விரும்பினார். எனவே கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். 1921இல் அவர் உடல்நலக் குறைவால் விலகவே, பனகல் அரசர் அப்பொறுப்பை ஏற்றார்.

பதவியில் இல்லாவிடினும் கட்சியின் முடிவுகளில் தியாகராயரின் சொல் வலுவாக இருந்தது. இதனால் எதிர்ப்பும் எழுந்தது. முதல் அமைச்சரவையில் தமிழ் உறுப்பினர்களுக்கு உரிய இடமில்லை என்ற குறை கட்சிக்குள் தோன்றியது. சி. ஆர். ரெட்டி கட்சியிலிருந்து விலகினார். 1923 நவம்பரில் பனகல் அமைச்சரவைமீது கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

மறைவும் நினைவும்

தியாகராயர் 1925இல் தமது 73ஆம் அகவையில் காலமானார். மாம்பலம் ஏரிப்பகுதியில் 1920களில் உருவான தியாகராய நகரும், பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள சர் தியாகராயா கல்லூரியும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.