ஹுவான் டி லா சியர்வா

பூந்தமல்லி, ஆவடி முதலிய ஊர்களில் சிறுவர் பனையோலைக் காற்றாடியை ஏந்தி ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதனைச் சுழற்றுவது சிறுவனின் கையன்று; ஓட்டத்தால் எதிர்ப்படும் காற்றே. இவ்வெளிய உண்மையை ஆகாயப் பிரயாணத்திற்குப் பயன்படுத்தியவர் சியர்வா என்னும் ஸ்பெயின் தேசத்துப் பொறியியலறிஞர்.

இவர் 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் மூர்சியாவில் பிறந்தார். தந்தையார் மந்திரிப் பதவி வகித்தவர். மைந்தரோ இளமையிலேயே தோழருடன் கூடி விமானம் கட்டுவதில் ஈடுபட்டார். 1919இல் இவர் அமைத்த மூன்று எஞ்சின் விமானம், தாழப் பறக்கையில் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கிற்று. வேகங் குறையின் நிலையான இறக்கை தாங்காது. ஆதலின் ஓயாது சுழலும் இறக்கையே வேண்டுமென இவர் துணிந்தார்.

இவர் கண்ட ஆட்டோஜைரோவில், எஞ்சின் விமானத்தை முன்னே செலுத்துவதற்கே உரியது. பறக்கும்போது மேலுள்ள சுழலியைச் சுழற்றுவது காற்று. எஞ்சின் நடுவானில் நின்றாலும், இறங்குகையில் கீழிருந்து எழும் காற்று அச்சுழற்சியைக் காக்கும். சுழலியினூடே காற்றோட்டம் தடைப்படலாகாது என்பதே இதனை ஓட்டப் பயில்வோர்க்கு முதற் பாடம்.

முதல் மூன்று விமானங்களும் பயன்படவில்லை. முன்னோக்கி வரும் தகடு மிகுதியாகவும், பின்னோக்கிச் செல்லும் தகடு குறைவாகவும் தூக்கியமையால், விமானம் ஒருபுறஞ் சாய்ந்தது. சியர்வா ஒவ்வொரு தகட்டின் அடியிலும் கீல் அமைத்து, அது மேலுங் கீழும் அசைய இடந்தந்தார், சாய்வு நீங்கிற்று. 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகேயுள்ள ஹெட்டாஃபேயில் நான்காம் விமானம் பறந்தது. அம்மாதத்திலேயே ஒருநாள் எஞ்சின் நின்றபோதும் அது மெல்லத் தரையிறங்கிற்று.

பின்னர் இங்கிலாந்து சென்ற சியர்வா தாமே விமானம் ஓட்டக் கற்றார். 1928 செப்டம்பர் 18ஆம் நாள் ஆட்டோஜைரோவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பாரிஸ் சேர்ந்தார். 1932இல் லண்டனுக்கருகே ஹான்வொர்த்தில் இவருடைய கம்பெனி ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று.

விமானப் பயணத்தின் அபாயத்தைக் குறைக்க ஆயுளெல்லாம் உழைத்த இவர், 1936 டிசம்பர் 9ஆம் நாள் கிராய்டனில் மூடுபனியிடையே புறப்பட்ட சாதாரணப் பயணிகள் விமானம் விபத்துற்றதால், நாற்பத்தோராம் வயதில் உயிர் துறந்தார். ஆயினும் இவர் கண்ட கீலின் தத்துவம் ஹெலிகாப்டர்க்கும் வழிகாட்டிற்று. விழுந்த விமானத்தின் முன் மனம் சோராது, விழுந்த காரணத்தை ஆராய்ந்த பொறுமையே இப்பெரியார் மாணவராகிய நமக்கு வைத்துச் சென்ற செல்வமாகும்.