347 ரூபாய் 12 அணா: வ.உ.சி.க்காகத் திரட்டிய பணம் அவர் கைக்கு வர ஏன் தாமதம்?

தூத்துக்குடி துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனா வ.உ.சிதம்பரனார் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பணக் கணக்கும் இருக்கு. தனக்காக மக்கள் கொடுத்த உதவித்தொகைக்கு அவர் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக் காத்திருந்தார். அந்தப் பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் காந்தி!

25 ரூபாய் பங்கு

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், தொழில் வக்கீல். தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி கையில் இருந்தது. அதற்குப் போட்டியாக 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் இலவசப் பயணம், கூடவே ஒரு குடை என்கிற அளவுக்கு இறங்கியதாகச் சொல்வார்கள்.

கோரல் மில் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து, 1908 மார்ச் 12-ல் கைது. இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. கோவை, கண்ணூர் சிறைகளில் இருந்துவிட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய்க் கடை வைத்துப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கல.

பணம் எங்கே நின்றது?

1915 ஏப்ரலில் காந்தி சென்னை வந்தார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து தொடங்கியது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே வ.உ.சி. குடும்பத்துக்காகப் பணம் திரட்டிய விஷயம் அதில்தான் வந்தது. அந்தப் பணம் வ.உ.சி.க்கு வந்து சேரவே இல்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையிலும் வீடு இல்லை.

சிக்கல் என்னன்னா, யார் யார் கொடுத்தது, எவ்வளவு என்ற விவரம் காந்தி கையில் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. காலணாவுக்கும் கணக்கு கேட்பவர் காந்தி. அவர் பணத்தை எடுத்துக்கொண்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பட்டியல் கையில் இல்லாததால், காத்திருந்தது வ.உ.சி.யின் குடும்பம். 1916 தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வந்தது.

இன்றைய பட்டியல்

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் கிராம வாரியாகப் பயனாளிகள் பெயரை இப்போது மொபைலிலேயே பார்க்கலாம். வ.உ.சி. காலத்தில் இல்லாத வசதி. ஆனா பட்டியல் இருந்தாலும் அதை யாராவது படிக்கணுமே. 2020-ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் பெயர் அதில் ஏறி, 100 கோடி ரூபாய்க்கு மேல் போன பிறகுதான் முறைகேடு வெளியே வந்தது. கைது, பணத்தைத் திரும்ப வசூலிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைசிக் கணக்கு

நீதிபதி வாலஸ் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு மகனுக்கே வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார், கடன் மட்டும் தீரவில்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. அதற்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளையும் அவரே பட்டியலாகச் சொல்லி வைத்திருந்தார்.