எலிஹூ யேல் துரையின் சரிதம்

நிலத்தின் பெயர் குடிக்கும், குடியின் பெயர் கலாசாலைக்கும் ஆகி வருதல் உலகிற் காணப்படுவதொன்றாம். அதற்கு நம் சென்னையோடு தொடர்புடைய எலிஹூ யேல் என்பாரின் வாழ்க்கை தக்க சான்றாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வேல்ஸ் நாட்டின் வடகீழ்ப்பாகத்தே யால் என்றொரு நிலப்பகுதி உண்டு. ஆண்டிருந்த குடியினர் ஒருவர் அதனையே குடிப்பெயராகப் பூண்டனர்; அஃது ஆங்கில வழக்கில் யேல் என்றாயிற்று. அக்குடியில் எலிஹூ 1649-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தாருடன் இங்கிலாந்து சேர்ந்த அவர், பின்னர் அமெரிக்க மண்ணை மிதித்திலர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராய் 1672-இல் சென்னைக் கோட்டைக்கு வந்தார். அங்குப் புதிதாய் எழுந்த தூய மரியன்னை ஆலயத்தில் 1680-இல் காதரின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவ்வாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் அதுவே. 1687-இல் கவர்னரானார். மறு ஆண்டிற் சென்னை நகராண்மைக் கழகம் நிறுவப்பெற்றது. டேவிட் என்னும் அவர்தம் இளமகன், நான்காண்டு நிரம்புமுன் இறந்தான். பிற்காலத்தில் உயர்நீதிமன்றம் எழுந்த இடத்தின்கண் அவனை அடக்கஞ் செய்தனர்.

அவர் தலைமையிலிருந்த கோட்டைச் சபை, செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கப்பல்தோறும் அடிமைகளை ஏற்றியனுப்பக் கட்டளையிட்டது. சொந்த வாணிகத்தால் அவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவர்மீது குற்றச்சாட்டுகள் பல எழ, 1692-இற் பதவியினின்று நீக்கப்பட்டார். 1699-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அமெரிக்காவில் கனெக்டிகட் குடியேற்றத்தில் 1701-இல் தோன்றிய சிறு கலாசாலையொன்று பொருளின்றி வாடிற்று. அதன் வேண்டுகோளுக்கு இணங்கி யேல் 1718-இல் 417 நூல்களையும், அரசர் முதலாம் ஜார்ஜின் உருவப்படத்தையும், ஒன்பது பொதிச் சரக்கையும் அனுப்பினார். சரக்கு ஏறக்குறைய 562 பவுனுக்கு விலைபோயிற்று. நியூ ஹேவன் நகரில் எழுந்த கட்டடத்திற்கும், பின்னர்க் கலாசாலை முழுமைக்கும் அவர் பெயரே ஆயிற்று. 1887 முதல் அது பல்கலைக்கழகமென வழங்குகின்றது. தம் பெயர் தாங்கிய அக்கலாசாலையை அவர் கண்ணாற் கண்டதேயில்லை. 1721-இல் இலண்டனில் இறந்து, முன்னோர் நிலத்துக்கு அணித்தாகிய ரெக்ஸம் நகரில் அடக்கம் பெற்றார்.

யேல் பூட்டின் பெயரும் இவரால் வந்ததென்று மயங்கற்க. அது 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லைனஸ் யேல் என்னும் அமெரிக்கரால் வந்தது.

அப்பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த பண்டைத் தொடர்புக்காக 2024-இல் வெளிப்படையாக மன்னிப்புக் கோரிற்று. முந்நூறு ஆண்டு கடந்தும் பொருள் வந்த வழி வினவப்படுகின்றது. பள்ளிக்கும் சத்திரத்திற்கும் தம் பெயர் சூட்ட விழையும் நம் செல்வர்கள் இதனை உளங்கொள்க. கொடையாற் பெயர் நிற்கும். அக்கொடைப்பொருள் ஈட்டிய நெறியும் அப்பெயரோடு உடன் நிற்கும்.