ஓட்டக்காரரின் காலை அளந்தார்கள்!

1935-ம் ஆண்டு மே 25-ந் தேதி. அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்னும் ஊரில் ஓட்டப் பந்தயம். ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கல்லூரி மாணவர் முதுகு வலியோடு வந்திருந்தார். குனிவதே கஷ்டம். ஆனால் 45 நிமிடத்தில் 3 உலக சாதனைகளை முறியடித்தார். இன்னொன்றைச் சமன் செய்தார்! அன்று அவர் தாண்டிய நீளம் 26 அடி 8¼ அங்குலம். 25 ஆண்டுகள் அதை யாரும் மிஞ்சவில்லை.

ஓவன்ஸ் கறுப்பர். தாத்தா அடிமையாக இருந்தவர். தகப்பனார் அலபாமா மாநிலத்தில் வாரத்துக்கு நிலம் உழுதவர். 1913-ல் பிறந்த ஓவன்ஸ், சிறு வயதில் நெஞ்சுச் சளியால் அடிக்கடி படுத்துவிடுவார். பிறகு குடும்பம் கிளீவ்லண்டு நகருக்குப் போயிற்று. பள்ளி விட்டதும் செருப்பு ரிப்பேர் கடையில் வேலை. ஆகவே, பயிற்சி ஆசிரியர் சார்லஸ் ரைலி பள்ளி தொடங்குமுன் காலையிலேயே சொல்லிக் கொடுத்தார். தரை நெருப்பாய்ச் சுடுவதாக நினைத்துக் காலைச் சட்டென்று எடுக்க வேண்டும். இதுதான் பாடம்.

கறுப்பர்கள் ஜெயிக்க ஜெயிக்க ஒரு பேச்சு கிளம்பியது. அவர்களுக்குக் குதிகால் எலும்பு நீளம், கெண்டைக்கால் சதை வேறு மாதிரி, அதனால்தான் ஓடுகிறார்கள் என்றனர் சிலர். பாடுபட்டுப் பழகியதற்கு மதிப்பே இல்லை!

மாண்டேகு காப் என்பவர் கறுப்பின டாக்டர். உடற்கூறு பேராசிரியர். அவர் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. ஓவன்சின் காலை அளந்தார். எக்ஸ்ரே படமும் பார்த்தார். என்ன கண்டார்? குதிகால் எலும்பு நீளமாக இல்லை. கெண்டைக்கால் சதையோ, வெள்ளையருக்கு உரியது என்று புத்தகங்கள் கூறிய வகை! 1936 தொடக்கத்தில் இதை வெளியிட்டார்.

உடல்வாகுக்குப் பங்கே இல்லை என்பதல்ல. வேகமாய்ச் சுருங்கும் தசை நார் சிலருக்கு அதிகம். அது ஓரளவு பெற்றோர் வழி வருவதே. ஆனால் அது ஆளுக்கு ஆள் மாறும். எந்த இனத்துக்கும் தனிச் சொத்து அல்ல.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக். ஆரிய இனமே உயர்ந்தது என்ற ஹிட்லரின் தலைநகரில் ஓவன்ஸ் 4 தங்கப் பதக்கம் வென்றார். 100 மீட்டரை 10.3 வினாடியில் ஓடினார்.

ஊர் திரும்பியவருக்கு நல்ல வேலை கிடைக்கவில்லை. டிசம்பரில் கியூபா சென்று, பணத்துக்காகக் குதிரையோடு ஓடினார்! பதக்கம் சோறு போடவில்லை.

பிற்காலத்தில் வசதி வந்தது. சிகரெட் பழக்கமும் இருந்தது. 1980 மார்ச் 31-ந் தேதி, 66-வது வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 1984-ல் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தின் அருகே ஒரு வீதிக்கு அவர் பெயர் வைத்தார்கள்.