எண்ணும் எழுத்தர் பணியும்: இராமானுஜன் வரலாறு

எண்களை எண்ணத்தக்கவை, எண்ணிறந்தவை, அனந்தம் எனப் பாகுபடுத்தி ஆய்ந்தது நம் சமண மரபு. ஒன்பதாம் நூற்றாண்டில் கணித சார சங்கிரகம் இயற்றிய மகாவீராசாரியாரை நாம் நன்கறிவோம். பிற்காலத்தே எண்களின் இயல்பை ஆராய்வதையே வாழ்வாகக் கொண்ட சீனிவாச இராமானுஜனின் வரலாற்றில், நம் கோலியனூரை அடுத்துள்ள விழுப்புரத்திற்கும் சிறியதோர் இடம் உண்டு.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து குடந்தையில் வளர்ந்த அவர், கணிதத்திலேயே ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரித் தேர்வுகளில் தோல்வியுற்றார். 1909-இல் திருமணம் நடந்தது, வருவாயோ இல்லை. 1910-இல் தம் குறிப்பேடுகளுடன் புறப்பட்டு, விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறித் திருக்கோவிலூரை அடைந்தார். அங்குத் துணை ஆட்சியராயிருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இளைஞர் வேண்டியது எளியதோர் எழுத்தர் பணியே. குறிப்பேடுகளைப் பார்வையிட்ட ஐயர், இத்தகு அறிவை வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் அடைத்தல் தகாதெனக் கருதி, அவரைச் சென்னை அறிஞர்களிடம் அனுப்பி வைத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

1915-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மிகுந்த வகுத்திகளை உடைய எண்களைப் பற்றியது. தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும் விடக் கூடுதலான வகுத்திகளைப் பெற்ற எண் இவ்வகையைச் சேரும். 12-க்கு வகுத்திகள் ஆறு; தீர்த்தங்கரர் தொகையாகிய 24-க்கு எட்டு; ஒரு நாளின் நாழிகைத் தொகையாகிய 60-க்குப் பன்னிரண்டு. இராமானுஜன் அளித்த பட்டியலின் இறுதி எண் 67,46,32,83,88,800. இதன் வகுத்திகள் 10,080. இதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகுந்தோறும் அது வரும் முறை கூடுவதில்லை என்பதே இவ்வகை எண்களுக்குரிய விதி.

102 எண்கள் கொண்ட அப்பட்டியலில் 2,93,31,86,25,600 மட்டும் விடுபட்டுப் போயிற்று. இறுதி எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதுவே. கணிப்பொறி தோன்றாத காலத்தில் கையால் கணித்த பட்டியலில் ஒன்றே விடுபட்டதெனின், அவ்வுழைப்பின் செம்மையை நாம் உணரலாம். இலண்டன் கணிதக் கழகத்தின் பணமுடையால் அச்சேறாதிருந்த எஞ்சிய பகுதி, 1997-இல் வெளிவந்தது.

தாயகத்துத் தேர்வுகள் மறுத்த பட்டத்தை, இவ்வாய்விற்காகவே கேம்பிரிட்ஜ் 1916-இல் அவருக்கு வழங்கியது. 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நோயுற்றுத் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் தம் 32-ஆம் வயதில் மறைந்தார்.

திருக்கோவிலூரில் கேட்ட பணி கிடைத்திருப்பின், அவர் வறுமை நீங்கியிருக்கலாம். அவர்தம் ஆற்றல் கோப்புகளுக்கிடையே மறைந்தும் போயிருக்கலாம். நம் இல்லங்களிலும் ஒரு துறையில் மட்டும் சிறந்து, பிறவற்றில் பின்தங்கும் பிள்ளைகள் உளர். அவர்களை மதிப்பெண் கொண்டு மட்டும் எடைபோடாது, உரியவரிடம் சேர்ப்பித்தல் பெரியோர் கடனாகும்.