ஸர் சார்லஸ் பெல்

குதிரையொன்றின் உதடு ஒருபுறமாய்க் கோணி, தின்னும் புல் வாயினின்றும் நழுவி விழுவதை நம்மிற் சிலர் கண்டிருக்கலாம். காண்போர் அதனை முதுமையின் குறியென்றெண்ணி அப்பாற் செல்வர். ஆனால் கன்னத்துத் தோலின்கீழ் ஓடும் ஒரு நரம்பு நசுங்கினாலும் இந்நிலை நேரும். அந்நரம்பின் தொழிலை ஆராய்ந்து புகழ்பெற்ற ஸர் சார்லஸ் பெல் என்பாரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இவர் 1774-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஒரு குருவானவரின் புதல்வராய்ப் பிறந்தார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்தமையால் குடும்பத்தில் வறுமை சூழ்ந்தது. அன்னையார் மகனுக்குச் சித்திரம் வரையும் ஆர்வத்தை ஊட்டினார். தமையனார் ஜான் பெல் ரண சிகிச்சையில் வல்லவர்; அவரிடமே இவர் சரீர சாஸ்திரம் பயின்றார். இவ்விரு கலைகளும் இவரிடத்து ஒன்று சேர்ந்தன. 1804-ம் ஆண்டில் லண்டன் மாநகர் புகுந்து, முகபாவங்களை ஓவியர் அறியவேண்டிய முறையைப்பற்றி 1806-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1815-ல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு விரைந்து, காயமுற்ற வீரர்க்குச் சிகிச்சை செய்ததோடு அவர்தம் புண்களையும் சித்திரங்களாய்த் தீட்டினார்.

முகத்திற்கு இருவகை நரம்புகள் வருவானேன் என்னும் வினா இவர் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது. உயிருள்ள பிராணிகளை அறுத்துச் சோதிப்பதில் இவருக்கு மிக்க வெறுப்புண்டு. ஆயினும் பிறிதொரு வழி காணாது, ஒரு கழுதையைப் படுக்கவைத்து அதன் முகநரம்பை ஒரு பக்கத்தில் மாத்திரம் அறுத்தார். அக்கணமே அப்பக்கத்து மூக்குத்துவாரம் அசைவற்று நின்றது. மற்றைப் பக்கத்துத் துவாரமோ மூச்சுக்கேற்ப விரிந்து சுருங்கியது. இதனை 1821-ல் ராயல் சொசைட்டியார்முன் சமர்ப்பித்தார். மனிதர்க்கு முகம் ஒருபுறம் கோணும் நோய் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது.

இவர் பிழையே செய்யாதவரென்று நாம் கூறோம். ஐந்தாம் நரம்பின் கிளையை அறுத்தபோது கழுதை ஓட்ஸ் தானியத்தை உதட்டால் எடுக்கவில்லை. உதட்டின் அசைவு கெட்டதாலென்று இவர் எண்ணினார். இவரிடம் பயின்ற ஹெர்பர்ட் மேயோ என்பவரே பின்னர் உண்மையை விளக்கினார். உதட்டுக்கு அசைவு குன்றவில்லை. உணர்ச்சி அற்றமையால் தானியம் தொடுவதைக் கழுதை அறியவில்லை. ஆசிரியர் விட்ட குறையை மாணாக்கர் நிறைத்தது கல்வி வளரும் முறைக்கு நல்ல சான்றாகும்.

இனி இவ்வறிவின் பயனைக் காண்போம். குதிரையின் முகநரம்பு தாடையின் பெருந்தசைமீது தோலை ஒட்டி ஓடுகின்றது. ஆதலால் உதை, வீழ்ச்சி, இறுகிய தலைவாரின் கொக்கி இவற்றால் எளிதில் நசுங்கும். மயக்க மருந்தூட்டி நெடுநேரம் ஒருபுறமாய்க் கிடத்துங்கால் தலைவாரைக் கழற்றாது விடினும் இக்கேடு நேரும். குதிரை வாயினால் மூச்சுவிட இயலாத பிராணி. இருபுறத்து நரம்பும் கெட்டு மூக்குத்துவாரங்கள் சுருங்கினால் மூச்சே தடைப்படலாம்.

இத்தகைய குதிரைக்குச் செய்யவேண்டுவன எளியவையே. தலைவாரை நீக்குக. தீனியை நீரில் ஊறவைத்து மென்மையாக்கிக் கொடுக்க. கன்னத்துள் தங்கிய தீனியை நாள்தோறும் கழுவி நீக்குக. வாய் முழுதும் அமிழ்த்திக் குடிக்குமாறு ஆழமான வாளியில் தண்ணீர் வைக்க. இமை மூடாதாயின் கண் வறண்டு புண்ணாகும். ஆதலின் மிருகவைத்தியர் கூறும் கண்மருந்தை இட்டு, தூசும் ஈயும் அணுகாது காக்க. நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டரே வளரும். நசுங்கியதாயின் சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகலாம். முற்றும் அறுபட்டதாயின் நம்பிக்கை குறைவு. பொறுமையே இங்குப் பெருமருந்து.

பெல் 1831-ல் ஸர் பட்டம் பெற்றார். 1836-ல் எடின்பரோ சர்வகலாசாலையில் ரண சிகிச்சைப் பேராசிரியராய்த் திரும்பினார். 1842-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி உஸ்டர் நகருக்கருகே காலமானார். அக்கழுதை உற்ற துன்பத்தால் வந்த அறிவு இன்று அதன் இனத்தையே காக்க உதவுகின்றது. பேசாப் பிராணியிடம் நாம் கடன்பட்டுள்ளோம் என்பதை மறவாது, லாயத்தில் அதன் கன்னத்து வாரைச் சற்றே தளர்த்துவோமாயின், அக்கடனிற் சிறிதேனும் தீர்த்தவராவோம்.