கைதட்டலின் நடுவே ஒரு பட்டினி

மேடையில் ஒரு பிள்ளை இனிமையாய்ப் பாடினால் நாம் கைதட்டுகிறோம். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை சாப்பிட்டதா என்று யார் கேட்கிறோம்? அமெரிக்கப் பாடகி கேரன் கார்பெண்டருடைய ஜீவியத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1950 மார்ச் 2-ல் நியூ ஹேவன் பட்டணத்தில் பிறந்தார். வீட்டில் எல்லார் கண்ணும் பியானோவில் கெட்டிக்காரரான அண்ணன் ரிச்சர்டின் மேல்தான். 1963-ல் குடும்பம் கலிபோர்னியாவிலுள்ள டௌனிக்குக் குடிவந்தது. பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கத்தான் கேரன் பேண்டு குழுவில் சேர்ந்தாராம்! அங்கே பிடித்த டிரம்ஸ் குச்சியை விடவே இல்லை. ஆனால் ஜனங்கள் பாடகியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிற்பாடு அந்த டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அவரை எழுப்பி மேடையின் முன்னே நிறுத்தினார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

1969-ல் அண்ணனும் தங்கையும் ஏ அண்ட் எம் இசைத்தட்டு கம்பெனியில் ஒப்பந்தமானார்கள். 1970-ல் 'குளோஸ் டு யூ' என்ற பாட்டு அமெரிக்காவில் நாலு வாரம் முதலிடத்தில் நின்றது. 1971-ல் இரண்டு கிராமி விருது. 1973-ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி நிக்சன் முன்னிலையில் பாடினார்கள். ஊர் ஊராய்ப் பிரயாணம், ஓய்வே கிடையாது.

ஆனால் உள்ளே நடந்தது என்ன? கொஞ்சம் மெலியணும் என்று ஆரம்பித்த டயட்டு நிற்கவே இல்லை. தட்டிலிருப்பதை அங்கும் இங்கும் தள்ளிவிட்டு, சாப்பிட்டதுபோல் காட்டிக்கொள்வார். 1975-ல் எலும்பும் தோலுமாகிப் படுத்துவிட்டார். ஐரோப்பா, ஜப்பான் நிகழ்ச்சிகள் ரத்தாயின. அனோரெக்சியா என்ற வியாதியின் பெயரே அன்றைக்கு அநேகருக்குத் தெரியாது. சாப்பிடும்மா என்று கெஞ்சினார்கள், அதட்டினார்கள். அது பிடிவாதம் அல்ல, வியாதி. பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, சாப்பாட்டு நேரத்தில் நழுவுகிற பிள்ளையைத் திட்டிவிட்டு விட்டுவிடாதேயுங்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

அண்ணனோ தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, 1979-ல் சிகிச்சைக்குப் போனார். அந்த இடைவெளியில் கேரன் நியூயார்க்கில் தனியாக ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 1980 ஆகஸ்டில் விவாகம், அதுவும் நிலைக்கவில்லை. அடுத்தடுத்து இத்தனை அடி! எந்த மனசு தாங்கும்?

1982-ல் தானாகவே உதவி தேடி நியூயார்க் போனார். பல மாதம் மனநல சிகிச்சை. பிறகு ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஆகாரம் ஏற்றினார்கள். எடை கூடியது, வீடு திரும்பினார். பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தார்கள். ஆனால் வருஷக்கணக்கான பட்டினியில் இருதயம் பழுதாகியிருந்தது. 1983 பிப்ரவரி 4 காலையில், டௌனியில் பெற்றோர் வீட்டு மாடியில் விழுந்து கிடந்தவரைத் தாயார்தான் கண்டார். வயது 32.

அந்த மரணத்துக்குப் பிறகு பத்திரிகைகள் இந்த வியாதியைப் பற்றி இன்னும் வெளிப்படையாய் எழுதின. மூடி வைத்திருந்த வீடுகளிலும் பேச்சு எழும்பியது. கம்பெனி ஒதுக்கிவைத்த அந்த இசைத்தட்டு 1996-ல்தான் வெளியே வந்தது.